பதினொரு பாகை

படகின் விளிம்பில் குனிந்து இருமியபோது
வியெகோவின் மேல்வரிசைப் பல்செட்
குவார்னர் வளைகுடாவில் விழுந்தது.
திங்கட்கிழமை காலை வந்து நின்றார்,
கைக்குட்டையால் வாயை மூடியபடி.
"அதே பல்லைக் கட்டிக் கொடு, லியெர்கா.
அந்தக் கோணல் பல்லோடு."

கோணல் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது,
பதினான்கு வருடமாக.
ஹார்ட் டிஸ்க் காலணிப் பெட்டியில்,
காலணிப் பெட்டி பிளாஸ்டர் மூட்டைக்குப் பின்னால்.

புதுக் கணினியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி.
உள்ளே விசிறிக்கு விசிறி ஊதா வெளிச்சம்,
பெப்ரவரியில் ரியேகா தெருவில் போகும்
கார்னிவல் வண்டிபோல.
எல்லாம் வைத்திருந்தார்கள்,
பழைய டிஸ்க் படுக்க ஓர் இடம் தவிர.
"அதையெல்லாம் இப்போது யார் மாட்டுகிறார்கள்?"
என்றான் விற்ற பையன்.

துண்டை நான்காய் மடித்து
மேசைமேல், பெட்டிக்கு வெளியே,
காய்ச்சல்காரரைப்போல் படுக்கவைத்தேன்.
பவர் கேபிள் நான்கு விரற்கடை எட்டவில்லை.
மெழுகு உருக்கும் அடுப்பை நகர்த்தி
கணினியை இடுப்பால் தள்ளி
ஒருவழியாக எட்டியது.

சுற்றுகிற சத்தம் கேட்கிறது.
திரையில் ஒன்றுமில்லை.
கையேட்டில் நாற்பத்தொன்றாம் பக்கம்
எறும்பெழுத்தில் ஓர் அடிக்குறிப்பு:
புது வகைச் சேமிப்பு அட்டை மேலே இருந்தால்
ஐந்தாம் ஆறாம் துளைகள் இயங்கா.
துளை இருக்கும். சொருகலாம். கச்சிதமாகப் பொருந்தும்.
அந்தப் பக்கம் கேட்க யாருமில்லை.
திராஷெனோடு கடைசி இரண்டு வருடமும் நான் இப்படித்தான்...
சரி, டிஸ்க் கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் துளைக்கு மாற்றினேன்.
இப்போது கணினி பழசிலிருந்து கண்விழிக்கப் பார்த்தது.
நீலத் திரை. அணைந்தது. மறுபடி நீலம்.
எதிலிருந்து முதலில் விழிப்பது என்று
அதற்குள் ஒரு பட்டியல் இருக்கிறதாம்.
பழசைக் கீழே இறக்கினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குக் கிடைத்த எழுத்து ஈ.
பல்லைக் காட்டுங்கள் என்று
நாற்காலியில் இருப்பவர்களிடம் நான் சொல்கிற அதே ஈ.

கோப்புறையைத் தட்டினேன்.
"இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை."
யாருக்கு? எனக்கா?
உரிமையாளர் என்று எழுதியிருந்தது
லியெர்கா பிளாஷினா.
அந்தப் பெயரை ஒரு நீதிமன்றத் தாளில்
கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
காலணிப் பெட்டிக்குள் போய் அதை யார் சொல்வது?
தொடர்க என்பதை அழுத்தினேன்.
பச்சைக் கோடு புழுவாய் ஊர்ந்தது.
வெளியே புரா காற்று
துறைமுகக் கிரேன்களை உலுக்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு
வியெகோவின் வாய் திரையில் திறந்தது, சாம்பல் நிறத்தில்.
எலியைப் பிடித்து மெல்லச் சுழற்றினேன்.
இடது பக்க வெட்டுப்பல்,
அடுத்த பல்லின்மேல் தோள் சாய்த்து.
பதினொரு பாகை.
அவர் கேட்டு, நான் சலித்து, அன்று வைத்தது.

புதன்கிழமை மாட்டிப் பார்த்தோம்.
வேறு ஜாடியின் மூடிபோல ஆடியது.
டிஸ்க்கில் ஒரு புள்ளிகூடத் தேயவில்லை;
ஈறு வற்றியிருந்தது, எலும்பு இறங்கியிருந்தது.
விழப்போனதை நாக்கால் தாங்கியபடி
கண்ணாடியைப் பார்த்துக் கேட்டார்:
"இது யாருடையது?"

"உங்களுடையதுதான்" என்றேன். உண்மையும் அதுதான்.
பிறகு புதினா மணக்கும் பசையைக் குழைத்து
இன்றைய வாய்க்கு அச்செடுத்தேன்.
பழையதிலிருந்து
அந்தப் பதினொன்றை மட்டும் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமை ஈ என்றார்.
பணத்துக்குப் பதில் ஒரு வாளி மத்தி.

டிஸ்க் இன்னும் மேசைமேல் முனகுகிறது.
கேபிள் இடிப்பதால் கண்ணாடிக் கதவு மூடவில்லை.
தூசி போகும் என்கிறான் பையன்.
போகட்டும்.
மீனைக் கழுவிவிட்டுத்தான் நினைவு வந்தது,
கைதுடைக்கிற துண்டு
அதன் அடியில்.